கொத்தடிமையாக இருக்கும் ஒரு குடும்பத்தை மீட்பது எப்படி: முதல் தகவலிலிருந்து அடுத்த சீசன் வரை

சூளையிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால் மீட்பு முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேனில் ஏற்றுவது ஒரு நாள் வேலை. கையில் விடுதலைச் சான்று (கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அரசு தரும் காகிதம்) இல்லாமல், வழக்கு எண் இல்லாமல், சமைக்க அரிசி இல்லாமல் ஊருக்கு வந்த குடும்பம் அடுத்த தை மாதத்தில் வேறொரு மேஸ்திரியிடம், அதாவது ஆள் சேர்த்துக் கொண்டுபோகிறவரிடம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேறொரு சூளைக்குப் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் காகிதங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். சலிப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவது தமிழ்நாட்டின் வடமாவட்டங்களை மனதில் வைத்து: திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு, கரும்பு வெட்டு. சிக்கியிருப்பவர்களில் பெரும்பகுதி இருளர்களும் மற்ற பழங்குடி, தலித் குடும்பங்களும்தான். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கும் பயன்படும்.

எது கொத்தடிமை

சங்கிலி, பூட்டு, சாட்டை எல்லாம் தேடாதீர்கள். பல இடங்களில் கேட் திறந்தேதான் இருக்கும்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கேட்பது இவ்வளவுதான். கடனுக்காகவோ முன்பணத்துக்காகவோ, அப்பன் வாங்கிய பாக்கிக்காகவோ, சாதி வழக்கம் என்ற பெயரிலோ ஒருவர் வேலை செய்கிறார். அதனால் அவருக்கு இந்த நான்கில் ஏதாவது ஒன்று பறிபோயிருக்கிறது: நியாயமான கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று இல்லை, ஒன்று போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டம் 23வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. பசி விரட்டி வந்து செய்யும் வேலையும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதிகாரி யாராவது "யாரும் இவங்களக் கட்டிப்போடலையே" என்று சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

சூளைக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், ஒரு ஜோடி, முன்பணம் 30,000 ரூபாய். ஆயிரம் கல் அறுத்தால் 700 ரூபாய் என்று பேச்சு. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து மண்ணைக் குழைத்து அச்சில் போட ஆரம்பித்தால் நாளைக்கு ஆயிரம் கல் தேறும். பிள்ளைகள் காய்கிற கல்லைத் திருப்பிப் போடும். அந்த வேலைக்குக் கூலி கிடையாது, பெயரும் கிடையாது. வாரம் ஆறு நாள், 6,000 கல், 4,200 ரூபாய். சனிக்கிழமை கையில் கொடுப்பது சாப்பாட்டுச் செலவுக்கு 800. மீதி 3,400 முன்பணத்தில் கழியும் என்று சொல்வார்கள். பத்து வாரத்தில் 34,000 கழிந்திருக்க வேண்டும், அதாவது கடன் அடைந்து 4,000 கையில் வர வேண்டும். ஆனால் சீசன் முடிவில் மேஸ்திரி நோட்டைப் பிரித்தால் "இன்னும் பன்னிரண்டாயிரம் பாக்கி" என்பார். மழையில் கரைந்த கல், உடைந்த கல், குழந்தைக்கு ஊசி போட்ட செலவு, கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த ஐந்நூறு, எல்லாம் ஏறியிருக்கும். நோட்டு அவர் கையில், கூட்டல் கழித்தலும் அவர் கையில். அந்தப் பாக்கிதான் அடுத்த சீசனுக்கான கயிறு.

ஆட்கடத்தல் என்றால் வேறு ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை காட்டியோ ஏமாற்றியோ பணம் கொடுத்தோ ஆட்களைச் சேர்ப்பது, வண்டியில் ஏற்றிப் போவது, கொண்டுபோய் வைத்துக்கொள்வது எல்லாமே சுரண்டும் நோக்கத்தில் நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 143வது பிரிவில் ஆட்கடத்தல்தான். மேஸ்திரியும் மாட்டுவார், முதலாளியும் மாட்டுவார். ஒடிசாவின் பொலாங்கீர் பக்கத்திலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வந்த குடும்பங்கள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்குப் போன பையன்கள், வாத்து மேய்க்கவும் கிடையாடு மேய்க்கவும் சில ஆயிரத்துக்கு விடப்பட்ட சிறுபிள்ளைகள், எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

முதல் படி: தகவலை உறுதி செய்வது

தகவல் பெரும்பாலும் உறவுக்காரர் வழியாகத்தான் வரும். அங்கிருந்து ராத்திரியில் ஓடிவந்தவர், சாவுக்கு விடவில்லை என்று அழுகிற அக்கா, பேத்தியைப் பார்க்கப் போனபோது வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட பாட்டி. இவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "கொத்தடிமையா இருக்காங்களா?" என்று கேட்டால் ஒருவரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், அந்த வார்த்தையே அவர்களுக்கு அவமானம். இப்படிக் கேளுங்கள்: எவ்வளவு வாங்கினீங்க, யார் கையில வாங்கினீங்க? வாரத்துக்கு எவ்வளவு தர்றாங்க? போன தடவை ஊருக்கு எப்ப வந்தாங்க, யாரைக் கேட்டு வந்தாங்க, வரும்போது பிள்ளையை அங்கேயே விட்டுட்டு வந்தாங்களா? வேற சூளையில கூடக் கூலி தர்றேன்னு கூப்பிட்டா போக முடியுமா?

பிள்ளையைப் பற்றிய கேள்வியை மறக்காதீர்கள். முழுக் குடும்பத்தையும் ஒரே நேரத்தில் வெளியே விடாமல் ஒருவரைப் பிணையாக நிறுத்தி வைப்பது பழைய தந்திரம். "அதான் ஊருக்கு வந்துட்டுப் போறாங்களே, என்ன அடிமை?" என்று பின்னால் யாராவது கேட்கும்போது அதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

செய்யக் கூடாத மூன்று

ஒன்று, கடனை நீங்கள் கட்டாதீர்கள். நல்ல மனது படைத்தவர்கள் அடிக்கடி செய்வது இது. பத்தாயிரம்தானே, நாலு பேர் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். சட்டப்படி அந்தக் கடனே கிடையாது. கொத்தடிமைச் சட்டத்தின் 6வது பிரிவு அதை அழித்துவிட்டது. அழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது 9வது பிரிவு. நீங்கள் கட்டும் பணம் இன்னொரு குடும்பத்துக்கு முன்பணமாகப் போகும், அவ்வளவுதான்.

இரண்டு, நேரே போய் முதலாளியிடம் பேசாதீர்கள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அன்று ராத்திரியே ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், விடிந்து அதிகாரி போனால் காலி குடிசை மட்டும்தான் இருக்கும்.

மூன்று, உள்ளே இருப்பவர்களிடம் "இந்தத் தேதியில் வருகிறோம்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை வாயிலிருந்து அது வெளியே வந்துவிடும்.

இரண்டாம் படி: எழுதி வைப்பது

ஒரு தாளில் இவ்வளவும் இருக்கட்டும்: ஒவ்வொருவர் பெயர், வயது, சொந்த ஊர், சமூகம், முன்பணத் தொகை, வாங்கிய மாதம், கொடுத்தவர், என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, வாரக் காசு, அடி, மிரட்டல் நடந்திருந்தால் யார், எப்போது, எத்தனை பிள்ளைகள், பள்ளிக்குப் போகிறார்களா, முதலாளி, மேஸ்திரி பெயர். இடம் ரொம்ப முக்கியம். "ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு சூளை" என்று எழுதினால் அந்தப் பக்கம் எத்தனையோ சூளை இருக்கிறது. கிராமப் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது ஏரி, முடிந்தால் கூகுள் வரைபடத்தில் குறித்த இடம், உள்ளே போக எத்தனை வழி. மரம் வெட்டும் கூட்டம் என்றால் இன்னும் கஷ்டம், இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடைசியாக எந்த ஏரிக்கரையில் கருவேல மரம் வெட்டினார்கள், கரி மூட்டத்தைப் பார்த்தவர் யார் என்று விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும்.

தெரியாததை எழுதாதீர்கள். பரிதாபத்தைக் கூட்டுவதற்காக இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதிய மனு, விசாரணையில் அந்த இரண்டு வாக்கியத்தாலேயே விழும்.

மூன்றாம் படி: மனுவை யாரிடம், எப்படி

இந்தச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. நடைமுறையில் விசாரித்துச் சான்று தருவது கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர். வேலை நடக்கும் இடம் எந்தக் கோட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் மனு போக வேண்டும், குடும்பத்தின் சொந்த ஊர் எங்கே என்பது இங்கே கணக்கில்லை. ஆட்சியருக்கு ஒன்று, கோட்டாட்சியருக்கு ஒன்று, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. ஆணைக்குழுவை விட்டுவிடாதீர்கள். ஆட்கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

எல்லாரும் செய்வது போலத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று இந்த மனுவைக் கொடுக்காதீர்கள். அங்கே மனு வாங்கிப் பதிவு செய்து, தாசில்தாருக்குப் போய், வருவாய் ஆய்வாளருக்குப் போய், கிராம நிர்வாக அலுவலருக்கு வந்து, அவர் சூளைக்காரருக்குப் போன் போட்டு "உங்க மேல ஏதோ மனு வந்திருக்கு" என்று சொல்லி முடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எல்லா வி.ஏ.ஓ.வும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஊரில் இருப்பவர்கள், தினமும் டீக்கடையில் பார்த்துக்கொள்பவர்கள், யோசித்துக்கொள்ளுங்கள். நேரம் கேட்டு ஆட்சியரையோ கோட்டாட்சியரையோ நேரில் பார்த்து, உறையில் வைத்துக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பிறகு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

மனு நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

"ஐயா/அம்மா, இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் குடும்பத்தினர் மொத்தம் ஏழு பேர், இதில் மூன்று பேர் குழந்தைகள், இன்ன கிராமத்தில் இன்னாருக்குச் சொந்தமான செங்கல் சூளையில் 30,000 ரூபாய் முன்பணத்துக்காக இன்ன மாதத்திலிருந்து வேலை செய்துவருகின்றனர். குறைந்தபட்சக் கூலி வழங்கப்படவில்லை. வெளியே செல்லவோ வேறு வேலைக்குச் செல்லவோ அனுமதி இல்லை. 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி உடனடியாக நேரில் விசாரித்து, இவர்களை மீட்டு, ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சான்று வழங்கி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, மறுவாழ்வு உதவி வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தில் சான்று, வழக்கு, உதவி என்று மூன்றும் இருக்கட்டும். கேட்காதது கிடைக்காது.

அடி உதை நடக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் மனுவெல்லாம் அப்புறம், 112க்குப் போன் பண்ணுங்கள். பிள்ளைகள் இருந்தால் 1098. மாவட்டத்தில் அசைவே இல்லை என்றால் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள், 14433இல் கூப்பிடவும் செய்யலாம். அங்கிருந்து அறிக்கை கேட்டுக் கடிதம் வந்தால் கோப்பு நகரும்.

நான்காம் படி: விசாரணை நாள்

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 13 குடும்பங்களைச் சேர்ந்த 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் அப்போது நாடு முழுக்கப் பரவியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லா மீட்பும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பல நாள் நேர்மாறாக நடக்கும். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிக் கேட்பார், முதலாளி பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார், இவர்கள் தலையைக் குனிந்துகொண்டு "நாங்க நல்லாத்தான் சார் இருக்கோம், அண்ணன் நல்லாப் பார்த்துக்குறாரு" என்பார்கள். அண்ணன் என்று சொல்வது பயத்தில் மட்டும் இல்லை. பிரசவத்துக்கு வண்டி அனுப்பியவர் அவர்தான், பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கணக்கில் ஏற்றினார் என்பது வேறு கதை.

அதனால் ஒன்றைக் கெஞ்சியாவது கேளுங்கள்: வாக்குமூலம் அந்த இடத்தில் வேண்டாம், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், தண்ணீர் சாப்பாடு கொடுத்து, முதலாளி ஆள் யாரும் இல்லாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கட்டும். பெண்களைப் பெண் அதிகாரி கேட்கட்டும். ஒடிசா, ஆந்திரக் குடும்பங்கள் என்றால் மொழி தெரிந்தவர் வேண்டும், அந்த மொழிபெயர்ப்பாளர் மேஸ்திரியின் ஆளாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் மேஸ்திரியாகத்தான் இருப்பார்.

கிளம்பும்போது பொருட்கள். அவசரத்தில் விட்டுவிட்டு வந்த பாத்திரம், துணி, கோழி, ஆடு, ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றுக்கும் பிறகு போலீஸ் துணையோடு போய் வாங்கிவருவது பெரும்பாடு. அப்படி வாங்கப் போன இடத்திலேயே சமாதானம் பேசி மறுபடி உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு பாத்திரம்கூட விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். மேஸ்திரியின் கணக்கு நோட்டைக் கைப்பற்றச் சொல்லுங்கள், வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எண்ணிக்கையும் சரிபாருங்கள்: வயதானவர் யாராவது வேறு கொட்டகையில் படுத்திருக்கிறாரா, பெரிய பிள்ளை முதலாளி வீட்டில் வேலை செய்கிறதா.

அங்கே ஒரு பேச்சு கட்டாயம் எழும். "எதுக்கு சார் கேஸு, கணக்கை முடிச்சு அனுப்பிடுறேன், பாக்கியும் வேணாம்." அதிகாரிக்கும் சுலபம், குடும்பத்துக்கும் அப்போதைக்கு நிம்மதி. ஒப்புக்கொண்டால் ஊருக்கு வந்துவிடலாம்தான், ஆனால் அது மீட்பாக எங்கும் பதிவாகாது. கூலித் தகராறு, பேசித் தீர்க்கப்பட்டது என்று கோப்பு மூடப்படும். சான்று இல்லை, உதவித் தொகை இல்லை, வழக்கு இல்லை. முதலாளி மறுநாளே அடுத்த ஜோடியை இறக்குவார். நான் பார்த்தவரை வழுக்கி விழுகிற இடம் மனு எழுதுவதிலோ சட்டத்திலோ இல்லை, இந்தச் சமாதானப் பேச்சில்தான்.

"கடன் வாங்கியதற்கு ஆதாரம் எங்கே?" என்று உங்களைக் கேட்டால், கொத்தடிமைச் சட்டத்தின் 15வது பிரிவைக் காட்டுங்கள். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை மீட்பு அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: கட்டாய வேலை என்று தெரிந்தால் முன்பணத்துக்காகத்தான் என்று அனுமானித்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் வேலை.

ஐந்தாம் படி: விடுதலைச் சான்று

அன்றைக்கே கேளுங்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று தந்தால் வாங்காதீர்கள், ஆளுக்கு ஒன்று வேண்டும். மனைவியும் மண் மிதித்திருக்கிறாள், பதினாறு வயது மகளும் கல் அறுத்திருக்கிறாள். மனைவிக்கும் மகளுக்கும் வரும் தொகை ஆணுக்கு வருவதைவிட அதிகம், அதனால் இதில் ஏமாந்தால் இழப்பும் அதிகம்.

வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் இருக்கிற மாதிரி இருக்கிறதா? ஒரு எழுத்து மாறினாலும் வங்கியில் நிற்கும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விடுவிக்கப்படுகிறார், அவருடைய கடன் ரத்து என்று தெளிவாக இருக்கிறதா? கையெழுத்து, முத்திரை, தேதி, வரிசை எண்? "சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கப்படுகிறார்" என்று மட்டும் எழுதிய கடிதத்தைச் சில சமயம் சான்று என்று கொடுத்துவிடுவார்கள், அது செல்லாது. மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் படம் எடுத்து, இரண்டு நகல் உறவுக்காரர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கூரை வீட்டில் ஒரு மழைக்குக் காகிதம் போய்விடும்.

ஆறாம் படி: வழக்கு

கொத்தடிமைச் சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் தண்டனை அதிகபட்சம் மூன்று ஆண்டு, அபராதம் 2,000 ரூபாய், அதுவும் ஜாமீனில் வரக்கூடிய குற்றம். முதலாளி மாலையே வீட்டில் இருப்பார். அதனால் புகாரிலேயே நடந்ததை முழுசாகச் சொல்லி, பொருந்துகிற மற்ற பிரிவுகளையும் கேளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 143, ஆட்கடத்தல், குறைந்தது ஏழு ஆண்டு. ஒருவருக்கு மேல் கடத்தினாலோ குழந்தை என்றாலோ குறைந்தது பத்து ஆண்டு. "அவங்க சம்மதிச்சுத்தான் வந்தாங்க" என்ற வாதம் இதில் எடுபடாது, சம்மதம் பொருட்டல்ல என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 146, கட்டாய உழைப்பு. அடைத்து வைத்திருந்தால் அதற்குத் தனி. குழந்தைகள் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 79வது பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடி என்றால், முதலாளி அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்). இது சேர்ந்தால் முன்ஜாமீன் கிடைப்பது கடினம், விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலையில் இருக்க வேண்டும், தனியாக நிவாரணமும் உண்டு.

சாதிச் சான்று இல்லை என்று வன்கொடுமைப் பிரிவைப் போடாமல் விடுவார்கள். இருளர் குடும்பங்களில் சாதிச் சான்று இல்லாதவர்கள் ஏராளம், பழங்குடிச் சான்று தருவதும் அதே கோட்டாட்சியர் அலுவலகம்தான். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: பணம்

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். மாவட்டத்தில் இதற்கென்று குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும், அதனால் "சென்னையிலிருந்து பணம் வரணும்" என்ற பதில் இதற்குப் பொருந்தாது. அதற்கு மேல் மறுவாழ்வுத் தொகை: வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆட்கடத்தல் போன்ற மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகளுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது, திட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான். வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும், சாட்சிகள் அதற்குள் பிழைப்புத் தேடி எங்கோ போயிருப்பார்கள். ஒரு சின்ன ஆறுதல்: விசாரணை முடியாவிட்டாலும் மாவட்ட நிர்வாகம் முதல்நோக்கில் கொத்தடிமை நிலை உறுதி என்று முடிவு செய்திருந்தால், தண்டனை விவரம் இல்லை என்பதற்காக உதவிக்கான முன்மொழிவை நிறுத்தக் கூடாது என்று அந்தத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆட்சியருக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு பெண்ணுக்குத் தனியாக இருக்கட்டும். புருஷன் கணக்கிலேயே எல்லாம் போட்டு, அது பழைய கைமாற்றுக்கும் டாஸ்மாக்குக்கும் போனதாகக் கேட்காத ஊர் இல்லை.

எட்டாம் படி: ஊருக்கு வந்த பிறகு

முதல் வாரம் சோறு, பாய், போர்வை, கூரை. பிறகு வரிசையாக: ரேஷன் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, பழங்குடிச் சான்று, வீட்டுமனைப் பட்டா, பிள்ளைகளுக்குப் பள்ளி அல்லது விடுதி. மனைப் பட்டா மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது என்பது என் கருத்து. ஏரிப் புறம்போக்கிலோ யாருடைய கொல்லையிலோ குடிசை போட்டிருப்பவர் அந்தக் கொல்லைக்காரர் சொன்ன இடத்துக்குத்தான் வேலைக்குப் போவார். மீட்கப்பட்டவரை அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கொத்தடிமைச் சட்டத்தின் 8வது பிரிவு சொல்கிறது, அது தெரிந்த முதலாளி ரொம்பக் கம்மி.

வேலை. ஆடு, மாடு வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சிலருக்கு அது ஒத்துவரும், சிலருக்குத் தீவனம் வாங்கவே காசு இருக்காது. தெரிந்த தொழிலையே சொந்தமாகச் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டம் மெய்யூரில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே நடத்தும் 'சிறகு' செங்கல் சூளை மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு தொடங்கப்பட்டது. கல் அறுக்கத் தெரிந்தவர்களுக்குக் கல் விற்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

மாவட்டத்திலும் ஒவ்வொரு கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், அதில் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அந்தப் பகுதிக்காரர்கள் மூன்று பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 13வது பிரிவு. அந்த மூன்று இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், குழு கடைசியாக எப்போது கூடியது என்றும் சேர்த்துக் கேளுங்கள். மீண்டு வந்த ஒருவரை அந்த இடத்துக்குப் பரிந்துரைப்பது பத்துக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட மேல். ஒவ்வொரு பிப்ரவரி 9ஆம் தேதியும் கொத்தடிமை ஒழிப்பு நாள் என்று அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள், பரிந்துரைக் கடிதத்தைக் கொடுக்க அது நல்ல நாள். ஆட்சியரும் பத்திரிகைக்காரர்களும் ஒரே அறையில் இருப்பார்கள்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே

வெளியூர் வேலைக்குப் போகவே கூடாது என்று யாரையும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சீசன் தொடங்கும் முன் மேஸ்திரிகள் ஊருக்குள் வருவார்கள், பெரும்பாலும் அரிசி தீர்ந்து, மழையில் வேலை இல்லாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து. அந்த நேரத்தில் மூவாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் ஊரிலேயே கிடைத்தால் பாதிப் பேர் முப்பதாயிரம் வாங்க மாட்டார்கள். மகளிர் குழுவில் இதற்கென்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடிந்தால் வையுங்கள்.

போகிறவர்களிடம் சில விஷயங்களை மட்டும் வாங்கி ஒரு நோட்டில் எழுதி, படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுங்கள்: எங்கே போகிறார்கள், மேஸ்திரி பெயர், போன் எண், அவருடைய ஒரு படம், வண்டி எண், எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை பேர் போகிறார்கள். அசல் ஆதாரை யாரிடமும் கொடுக்கக் கூடாது. கல் எண்ணிக்கையைத் தினமும் சுவரில் கரிக்கோடாகவாவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கோடு போடலாம், சனிக்கிழமை அதை போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம். பெண்பிள்ளைகளை மில்லுக்குக் கூப்பிட்டு வந்து மூன்று வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றால், மாதாமாதம் வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் அனுப்ப வேண்டாம்.

வாரம் ஒரு தடவை அந்த நோட்டை வைத்திருப்பவர் போன் போடட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து போன் எடுக்கவில்லை என்றாலோ, எடுத்தவர் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாலோ, முதல் படியிலிருந்து தொடங்குங்கள். இடமும் மேஸ்திரி பெயரும் முன்பணத் தொகையும் ஏற்கெனவே நோட்டில் இருப்பதால் மனு அன்று மாலையே தயாராகிவிடும்.